பெருந்தமனி உறைவும் பக்கவாதமும்: ஒரு வரலாறு

பெரும்பாலான பக்கவாதங்கள் மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபடுவதால் வருகின்றன. அடைக்கும் உறைவு எங்கிருந்து வருகிறது என்பது நெடுநாள் கேள்வி. ஓரிடத்தில் உண்டாகும் உறைவு இரத்த ஓட்டத்தில் அடித்துச் செல்லப்பட்டு வேறிடத்தில் அடைக்கும் என்பதை 1840களில் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ விளக்கினார்.

1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பறுவைத் துறையைத் தொடங்கினார். அன்று சி.டி. ஸ்கேன் கிடையாது. 1971இல் இங்கிலாந்தில் அது வந்த பிறகே, மூளையில் இருப்பது அடைப்பா கசிவா என்று எளிதாகப் பிரித்தறிய முடிந்தது. ஆனால் உறைவின் பிறப்பிடத்தை அது சொல்லவில்லை. மருத்துவர்கள் இதயத்தையும் கழுத்துத் தமனிகளையும் தேடினர். இரண்டும் நன்றாக இருந்தால், 'காரணம் தெரியவில்லை' என்று எழுதினர்.

இவ்விரண்டுக்கும் நடுவில் இருப்பது பெருந்தமனி வளைவு. மூளைக்குச் செல்லும் தமனிகள் இதிலிருந்தே கிளைக்கின்றன. இதன் சுவரில் கொழுப்புப் படிந்து புண்ணானால், அங்கே உறைவு ஒட்டும். உடைந்த துண்டு மூளைக்குப் போகும். மார்புக்குள் ஆழத்தில் இருப்பதால், 1980களில் உணவுக்குழாய் வழியே செலுத்தும் மீயொலிக் கருவி பரவிய பிறகே இதைத் தெளிவாகக் காண முடிந்தது.

1992இல் பிரான்சின் பியர் அமரென்கோ குழுவினர் 500 பிணக்கூறாய்வுகளை வெளியிட்டனர். மூளை இரத்தக்குழாய் நோயாளிகளில் 26 விழுக்காட்டினருக்கும், பிற நரம்பு நோயாளிகளில் 5 விழுக்காட்டினருக்கும் வளைவில் புண்பட்ட படிவு இருந்தது. 4 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தடித்த படிவு ஆபத்தானது என்று 1994இல் காட்டினர்.

பிறப்பிடம் தெரிந்தால்தான் அடுத்த பக்கவாதத்தைத் தடுக்க வழி தேட முடியும். இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் குறைப்பது, புகைப்பதை விடுவது, மருத்துவர் தரும் உறைவெதிர் மருந்தை நிறுத்தாமல் உண்பது ஆகியவையே இன்றைய முதன்மை வழிகள்.