குடிக்காதவருக்கும் ஃபேட்டி லிவர்... மைட்டோகாண்ட்ரியாவில் என்ன நடக்கிறது?

வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ஃபேட்டி லிவர் கிரேடு 1' என்று இருக்கிறதா? "நான் குடிக்கிறதே இல்லையே, எண்ணெய்ப் பலகாரமும் அதிகம் சாப்பிடறதில்லையே... எனக்கு எப்படி?" என்றுதான் முதலில் கேட்பீர்கள். பதில், உங்கள் கல்லீரல் செல்லுக்குள்ளேயே இருக்கிறது.

ஸ்கூலில் 'செல்லின் பவர் ஹவுஸ்' என்று படித்தோமே, அந்த மைட்டோகாண்ட்ரியாதான் கொழுப்பை எரிக்கும் அடுப்பு. ஒவ்வொரு கல்லீரல் செல்லிலும் இது ஆயிரக்கணக்கில் உண்டு. எரித்தும், ரத்தத்துக்கு அனுப்பியும் தீராத கொழுப்பு செல்லிலேயே தேங்கிவிடும். 5 சதவிகிதத்துக்கும் மேல் செல்களில் இப்படித் தேங்கினால், அது ஃபேட்டி லிவர்.

சரி, எண்ணெயே சாப்பிடாதவருக்குக் கொழுப்பு எங்கிருந்து வருது? கூல் டிரிங்ஸ், ஸ்வீட், தட்டு நிறைய சாதம்... தேவைக்கு மிஞ்சிய சர்க்கரையைக் கல்லீரலே கொழுப்பாக்கிவிடும். அப்போது உருவாகும் 'மலோனைல் கோ-ஏ' என்ற பொருள், மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொழுப்பு நுழையும் கதவை அடைத்துவிடும். அதாவது, புதுக் கொழுப்பு தயாராகும் நேரத்தில் பழைய கொழுப்பும் சரியாக எரியாது.

தொப்பைக் கொழுப்பும் கல்லீரலுக்கு வந்து சேரும்போது, மைட்டோகாண்ட்ரியா ஆரம்பத்தில் ஓவர்டைம் பார்த்துச் சமாளிக்கும். நாளாக நாளாகப் பழுதாகி, ஃப்ரீ ராடிக்கல்களை அதிகம் கசியவிடும். அவை செல்லைக் காயப்படுத்த, அழற்சி, தழும்பு, சிலருக்கு சிரோசிஸ் வரை போகலாம். பெரும்பாலும் வலியே இருக்காது. எஸ்.ஜி.பி.டி நார்மலாக இருந்தாலும் ஃபேட்டி லிவர் இருக்கலாம். அதனால், 'கிரேடு 1தானே' என்று ரிப்போர்ட்டை மூடி வைத்துவிடாதீர்கள்.

இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம் என்பதுதான் நிம்மதி. அதிக எடை உள்ளவர்கள் 5 சதவிகிதம் குறைத்தாலே கல்லீரல் கொழுப்பு குறையும். 7 முதல் 10 சதவிகிதம் குறைத்தால் அழற்சியும் தணியும். 80 கிலோ இருப்பவருக்கு அது 6 முதல் 8 கிலோ. வாரத்துக்கு 150 நிமிட வேக நடை போதும்; எடை குறையாவிட்டாலும் கல்லீரல் கொழுப்பு குறையும். இனிப்பு பானங்களை முதலில் நிறுத்துங்கள்.

'லிவர் டீடாக்ஸ்' பவுடரை நம்பிப் பணத்தை விடாதீர்கள். சில மூலிகைத் தயாரிப்புகள் கல்லீரலையே பாதிக்கும். சர்க்கரை நோயும் இருந்தால், ஃபைப்ரோஸ்கேன் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.