செஞ்சிக் கோட்டையும் நம் சிறார் திரட்டிய படையும்

தீபாவளி நெருங்கிவிட்டால் தாயகத்துச் சிறார்க்குப் பட்டாசு நினைவுக்கு வரும். புனே நகரத்துச் சிறார்க்கோ மண்ணும் கல்லும் நினைவுக்கு வரும். செங்கல்லையும் கருங்கல்லையும் அடுக்கி, சேற்றில் தோய்த்த கோணியை மேலே போர்த்தி, ‘கில்லா’ என்னும் மலைக்கோட்டையை முற்றந்தோறும் எழுப்புவது இந்நகரத்தார் வழக்கம். சரிவுகளில் கடுகு தூவுவர். சில நாட்களில் அது முளைத்து மலை பசுமையுறும். உச்சியில் சிவாஜி மகாராஜா அரியணையில் வீற்றிருப்பார். படிதோறும் மாவளர் காவல் நிற்பர். மாவளர் என்போர் புனேக்கு மேற்கிலுள்ள மலைநாட்டுக் காலாட்படையினர் ஆவர்.

2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் யுனெஸ்கோ மன்றம் மராட்டியர் கோட்டைகள் 12ஐ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் 11 மகாராட்டிரத்தில் உள்ளன. எஞ்சிய ஒன்று நம் செஞ்சி. இச்செய்தி கேட்ட காலனிச் சிறார், அவ்வாண்டுத் தீபாவளிக்குச் செஞ்சியையே கட்டுவதென உறுதி பூண்டனர். படையைத் திரட்டும் பொறுப்பும், திரண்டதை மதிப்பிடும் பொறுப்பும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்டன.

பொம்மைப் படையைச் சிறுபிள்ளை விளையாட்டென்று தள்ளிவிட இயலாது. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நாற்படையைப் பலகையில் நிறுத்தியதே நம் நாட்டுச் சதுரங்கம். பிரஷ்ய நாட்டில் 1824ஆம் ஆண்டு ரைஸ்விட்ஸ் என்னும் படை அதிகாரி வெளியிட்ட போர் விளையாட்டு, அந்நாட்டுப் படைத்தலைவர்களின் பயிற்சிக்கே பயன்பட்டது. ஆங்கில நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ், பொம்மைச் சிப்பாய்களைக் கொண்டு போர் நடத்தும் விதிகளை 1913இல் ஒரு நூலாகவே எழுதினார்.

கடையில் வாங்கியவை 30. வீடுகளின் பழைய பெட்டிகளிலிருந்து வந்தவை 22. ஆக 52. காலாள் 38, குதிரை வீரர் 8, பீரங்கி 4, யானை 2 எனப் பதிவேட்டில் எழுதிக்கொண்டோம்.

முதலில் காலத்தை நோக்கினோம். காலாட்களுள் எழுவர் இக்காலத்துத் துப்பாக்கியைத் தோளில் சாத்தியிருந்தனர். மராட்டியர் காலத்தில் திரி வைத்துச் சுடும் துப்பாக்கி இருந்ததுண்டு, இஃது இருந்ததில்லை. எழுவரையும் விலக்கினோம்.

அடுத்து அளவை நோக்கினோம். காலாளின் உயரம் 3 அங்குலம். ஐந்தரை அடி மனிதன் 3 அங்குலமானால், ஏறத்தாழ 22இல் ஒரு பங்கு. செஞ்சியின் இராஜகிரி சுமார் 800 அடி உயரமுடையது. அதே கணக்கில் நம் மலை 36 அடி எழவேண்டும்! சிறார் எழுப்பியதோ 4 அடி. ஆகவே மலைக்கு ஓர் அளவு, மாந்தர்க்கு ஓர் அளவு என்று வைத்துக்கொண்டோம். ஆனால் இராஜகிரி உச்சிக்குச் செல்லும் வழியில் மரப்பாலம் இட்டுக் கடக்கும் பிளவு சுமார் 24 அடி அகலம். அதை மட்டும் மாந்தர் அளவிலேயே 13 அங்குலமாக வெட்டினோம். பாலத்தை எடுத்துவிட்டால் எந்தப் பொம்மையும் அப்பால் செல்ல இயலாது என்பதைச் சிறார் கண்ணாலேயே கண்டறிந்தனர்.

மூன்றாவதாகப் பகைப்படை வேண்டியிருந்தது. நாம் சென்ற கடைகளில் மாவளர் கிடைத்தனர், முகலாயர் கிடைக்கவில்லை. எஞ்சிய 31 காலாட்களில் பன்னிருவருக்குத் தலைப்பாகையின் வண்ணத்தை மாற்றி முகலாயர் ஆக்கினோம்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1677இல் சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றி அதன் அரண்களை வலுப்படுத்தினார். 1689இல் அவர் மூத்த மைந்தர் சம்பாஜி கொல்லப்பட்டபின், இளைய மைந்தர் இராஜாராம் மகாராட்டிரத்திலிருந்து தப்பிச் செஞ்சியை அடைந்தார். தமிழ்நாட்டுக் கோட்டை மராட்டியரின் தலைநகராயிற்று. ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர்கான் 1690இல் வந்து முற்றுகையிட்டார். கோட்டை வீழ்ந்தது 1698இல். அதற்குள் இராஜாராம் வெளியேறிவிட்டார்; பின்னர் மகாராட்டிரம் திரும்பினார்.

எட்டாண்டு ஏன் நீண்டது? மலையும் மதிலும் மட்டும் காரணமல்ல. 1692இன் இறுதியில் சாந்தாஜி கோர்ப்படே, தானாஜி ஜாதவ் என்னும் மராட்டியத் தளபதிகள் வந்து, முற்றுகையிட்டோரையே வளைத்துத் தானியம் வரும் வழிகளை அடைத்தனர். முகலாயர் பாசறை பசியால் வாடியது. 1693இல் சுல்பிகர்கான் வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. கோட்டைக்குள்ளேயோ பெரிய நெற்களஞ்சியங்கள் இருந்தன. அவை இன்றும் நிற்கின்றன.

அப்போதுதான் நம் படையின் பெருங்குறை புலப்பட்டது. வாளேந்தியோர் அத்தனை பேர். அரிசி சுமப்பவர் ஒருவருமில்லை! முகலாயப் படைகளுக்குப் பொதிமாடுகளில் தானியம் கொணர்ந்தோர் பஞ்சாராக்கள். அவர்களின்றி அப்படை நகர்ந்ததில்லை. நம் பதிவேட்டிலோ ஒரு மாடுகூட இல்லை.

குறையைத் தீர்த்தவர் காலனித் தாய்மார்கள். நவராத்திரி முடிந்து கட்டிவைத்த கொலுப்பெட்டிகளை மீண்டும் அவிழ்த்தனர். தானிய மூட்டைகளோடு அமர்ந்த செட்டியாரும் அவர் மனைவியும் களஞ்சியத்தின் வாயிலுக்கு வந்தனர். உழவர் இருவர், மாட்டுவண்டி ஒன்று, குடமேந்திய பெண்கள் நால்வர் அடிவாரத்துச் சிற்றூரில் இடம்பெற்றனர். செட்டியார் காலாளைப்போல் இரு மடங்கு பெரியவர். அளவு விதி அவருக்காகத் தளர்த்தப்பட்டது.

எல்லாம் முடிந்தபின் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, “மாமா, இதில் நாம் எந்தப் பக்கம்?” என்று கேட்டாள். இந்நகரில் பிறந்து, பள்ளியில் மராத்தி பயின்று, வீட்டில் தமிழ் பேசும் குழந்தை. உடனே விடை சொல்ல நமக்கு இயலவில்லை. பின்னர், அடிவாரத்து மாட்டுவண்டியைச் சுட்டிக் காட்டினோம். இராஜாராம் புறப்பட்டுப் போனார்; சுல்பிகர்கானும் போனார். எட்டாண்டுகளும் அம்மண்ணை உழுது, இரு படைகளின் சுமையையும் தாங்கியோர் அவ்வூர் மக்கள்.

அவள் குடமேந்திய பெண்ணொருத்தியை எடுத்து மராட்டியக் காவலன் அருகே வைத்தாள். சற்று நினைத்து, மற்றொருத்தியை வண்ணம் மாற்றிய முகலாயன் அருகே வைத்தாள்.

படை திரட்டும் அன்பர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுவே: வாளையும் குதிரையையும் எண்ணியபின், தானியத்தையும் எண்ணுங்கள். அது கடையில் கிடைக்காவிடினும் நம் கொலுப்பெட்டியில் உண்டு.