உழைப்போர் நட்டஈட்டுச் சட்டத்தின் வரலாறு

ஆலையிலும் கட்டுமானத்திலும் வயலிலும் சாக்கடையிலும் நாட்டின் கடும் உழைப்பிற் பெரும்பங்கு நம் மக்களுடையது. அவ்வுழைப்பில் கையை இழந்தோரும் உயிரை இழந்தோரும் பலர். அவர்க்குரிய நட்டஈட்டு உரிமை எவ்வாறு பிறந்தது என்பதை இவ்வெள்ளிவிழா வேளையில் ஒருவாறு நினைவுகூர்வது பொருத்தமாகும்.

பண்டு இங்கிலாந்தின் பொதுச்சட்டம் தொழிலாளிக்கு மூன்று தடைகளை வைத்திருந்தது. உடன் பணிபுரிந்தவனின் தவறால் விபத்து நேர்ந்தால் முதலாளி பொறுப்பாகார். ஆபத்தை அறிந்தே வேலைக்கு வந்தவன் பின்னர் முறையிட இயலாது. அவனது கவனக்குறைவு சிறிதிருப்பினும் வழக்குத் தோற்கும். இந்நிலையை முதலில் மாற்றியது 1884ஆம் ஆண்டின் ஜெர்மானிய விபத்துக் காப்பீட்டுச் சட்டம். 1897இல் இங்கிலாந்தும் புதுச்சட்டம் இயற்றியது. தவறு யாருடையது என்று ஆராயாமல், வேலையின்போது வேலையின் காரணமாக நேர்ந்த விபத்தா என்று மட்டும் கேட்பதே புதிய கொள்கையாயிற்று.

இந்தியாவில் அக்கொள்கை தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டமாக 1923இல் உருப்பெற்று, 1924 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. வயது வந்த தொழிலாளி இறப்பின் 30 மாத ஊதியம் அல்லது 2,500 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதுவே அன்று ஈடாயிற்று. முதலாளியின் தொழில் சாராத தற்காலிக வேலையில் அமர்ந்தோர் இச்சட்டத்திற்குப் புறம்பாக்கப்பட்டனர். அவ்விலக்கு 2000ஆம் ஆண்டில்தான் நீங்கிற்று.

1942 முதல் 1946 வரை வைசிராய் நிருவாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராயிருந்தவர் அண்ணல் அம்பேத்கர். அக்காலத்தில், 1944இல், அதார்க்கர் தொழிலாளர் உடல்நலக் காப்பீட்டுத் திட்ட அறிக்கையை அளித்தார். பாபு ஜெகஜீவன்ராம் தொழிலாளர் அமைச்சராயிருந்தபோது, 1948இல், தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது. இத்திட்டம் 1952இல் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கிற்று. இக்காப்பீட்டில் சேர்ந்தோர் தம் ஈட்டினைக் காப்பீட்டுக் கழகத்திடம் பெறுவர். ஏனையோர் முதலாளியிடம் கோருவர்.

2009ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் ஈடு கணக்கிடப்பட்ட முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். கட்டை விரலை இழந்தால் உழைப்புத் திறனில் நூற்றுக்கு 30 பங்கு இழப்பு என்பது அட்டவணை. மாதம் 10,000 ரூபாய் ஊதியம் பெறும் நாற்பது வயதினர்க்கு, ஊதியத்தில் 60 விழுக்காடான 6,000 ரூபாயை, அவ்வயதிற்குரிய 184.17 என்னும் எண்ணாற் பெருக்கி, அதில் 30 விழுக்காடு காண வேண்டும். வருவது 3,31,506 ரூபாய்.

இனி யாம் கண்ட ஒன்றைக் கூறுவோம். எம் மாணவன் ஒருவனின் தந்தை அரிசி ஆலையொன்றில் வலக்கைக் கட்டை விரலை இழந்தார். ஐயாயிரம் ரூபாயை அவரிடம் கொடுத்து, 'இனி யாதொரு கோரிக்கையும் இல்லை' என்றெழுதிய தாளில் இடக்கைப் பெருவிரல் ரேகையைப் பெற்றுக்கொண்டனர். அதன் படியை மகனே எம்மிடம் கொண்டுவந்தான். உரிமையைக் கைவிடச் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று அச்சட்டத்தின் 17ஆம் பிரிவு கூறியிருந்தது. இரண்டாண்டிற்குள் மனுச்செய்யவும் வழியிருந்தது. எனினும் வருகைப் பதிவேட்டில் அவர் பெயரே காணப்படவில்லை. உடன் உழைத்த இருவர் தம் பிழைப்பிற்கு அஞ்சாது ஆணையர் முன் சாட்சி கூறியமையாலேயே உரிய தொகை கிடைத்தது. ஐயாயிரத்திற்கும் கிடைத்த தொகைக்கும் இடைநின்றது அம்மகன் கற்ற எழுத்தேயன்றோ!

1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில், 2020இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. இதுவன்றிச் சாக்கடையில் இறந்தோர் குடும்பத்திற்கு 10 லட்சம் ரூபாய் வழங்குமாறு 2014இல் ஆணையிட்ட உச்சநீதிமன்றம், 2023இல் அதனை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தது நன்றே. ஆயினும் மனிதர் அங்கு இறங்கும் இழிநிலை ஒழிதலே முடிவான நீதி.

ஆதலின் நம் சங்கத்து இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள். ஊரில் ஒருவர் வேலையிற் காயமுற்றால் அன்றே அவர் வீட்டிற்குச் செல்லுங்கள். மருத்துவமனைச் சீட்டு, ஊதியச் சான்று, உடனிருந்தோர் பெயர் ஆகியவற்றைத் திரட்டி வையுங்கள். வெற்றுத்தாளில் ரேகை வைக்க விடாதீர்கள். இருபத்தைந்து ஆண்டுகளாக நாம் ஊட்டிய கல்வி அவ்வீட்டு வாயிலிற் பயன்பட வேண்டும்.