ஏட்டுச்சுவடி கற்பித்த அரசியற் பாடம்

பண்டை உலகின் அரசியல் தத்துவம் என்றதும் பிளேட்டோவையும் அரிஸ்டாட்டிலையும் நினைப்பது கற்றோர் பலரின் வழக்கம். பாரதநாடு சமயத்தை ஆராய்ந்ததேயன்றி அரசியலை ஆராய்ந்திலது என மேனாட்டறிஞர் சிலர் ஒருகாலத்தில் எழுதியும் வந்தனர். அக்கருத்தை அசைத்தது ஓர் ஓலைச்சுவடியாகும்.

1905 ஆம் ஆண்டில் தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் மைசூர் அரசினர் கீழ்த்திசை நூலகத்திற்குச் சுவடி ஒன்றை அளித்தார். கிரந்த எழுத்தில் அமைந்த அது, பெயராலும் பிறர் எடுத்தாண்ட சில பகுதிகளாலும் மட்டுமே அறியப்பட்டிருந்த கௌடிலியரின் அருத்தசாத்திரம் என்பதை அந்நூலகத்தைச் சார்ந்த சாமசாஸ்திரியார் கண்டறிந்தார். 1909 இல் மூலத்தையும், 1915 இல் ஆங்கில மொழிபெயர்ப்பையும் நூலுருவில் வெளியிட்டார்.

15 அதிகரணங்களும் 150 அத்தியாயங்களும் கொண்ட அந்நூல், அரசன், அமைச்சர், நாடு, அரண், பொருள், படை, நட்பு என அரசின் உறுப்புகளை ஏழாக வகுக்கின்றது. திருவள்ளுவரோ அரசனுக்குரிய உறுப்புகள் ஆறு என்றார். அரசனையும் கூட்டின் அவையும் ஏழாகும். ஒற்றரைப் பற்றியும் இருவரும் பேசுகின்றனர். ஆதலின் ஒருவர் மற்றவரைப் பார்த்தே எழுதினார் என்று முடிவு கட்டலாமோ? ஆகாது. ஏழுறுப்புக் கொள்கை மகாபாரதத்திலும் மனுநூலிலும் உள்ளது. பொதுமரபு ஒன்றினின்றும் இருவரும் பெற்றிருத்தல் கூடும்.

இங்கே ஒற்றுமையினும் வேற்றுமையே பெரிதும் நோக்கத்தக்கது. நஞ்சு முதலிய மறைமுறைகளால் பகைவரை அழித்தற்குக் கௌடிலியர் தனி அதிகரணமே வகுத்தார். வள்ளுவரோ பொருட்பாலிலேயே வினைத்தூய்மை என ஓர் அதிகாரம் வைத்தார். எனினும் கௌடிலியரைக் கொடியவர் என ஒதுக்குதலும் பிழையே. அரசனது பகலையும் இரவையும் எவ்வெட்டுக் கூறாக்கி, குடிகளின் குறைகேட்டற்கும் பொழுது ஒதுக்கியவர் அவர்.

இந்நூல் சந்திரகுப்த மௌரியனின் அமைச்சர் ஒருவரே இயற்றியது என நம்மவர் பெருமையுடன் கூறிவந்தனர். 1971 இல் டாமஸ் டிரவுட்மன் என்பார் சொல்லாட்சியை எண்ணிக் கணக்கிட்டு, இது பலர் கைப்பட்டது என்ற முடிவுக்கு வந்தார். நூலின் காலத்தையும் பிற்பட்டதாகக் கொள்வோர் இன்று பலர். இதனால் நூலின் மதிப்புக் குறைந்துவிடவில்லை. பழம்பெருமையையும் சான்றுகொண்டே நிறுவுதல் வேண்டும் என்பது நமக்கு விளங்கிற்று.

அன்பர்களே! வடமொழி நூலைத் தமிழகத்து எழுத்துக் காத்தது. கன்னட நாட்டு நூலகம் உலகிற்கு வழங்கியது. பிறந்த ஊரை விட்டு வாழும் நாம், அடுத்த விடுமுறையில் ஊர் செல்லுங்கால், வீட்டுப் பரணில் சுவடி ஏதேனும் கிடக்கின்றதா எனக் காண்போமாக! கிடைப்பின் அதனை நூலகம் ஒன்றில் சேர்ப்போமாக!