பள்ளிக்கூடத்தில் எடைக்கூலி

பிள்ளை படிக்கவில்லையெனில் பிரம்பும், உபாத்தியாயர் உழைக்கவில்லையெனில் சம்பள வெட்டுமே மருந்தென்று கூறுவோர் நம்மவருள் இன்றும் பலர் உளர். அச்சமும் ஆசையுமே மனிதனை இயக்கும் கயிறுகள் என்பது அவர்தம் எண்ணம். இவ்வெண்ணத்தை ஒரு தேசமே விதியாக்கி, ஏறக்குறைய முப்பதாண்டு நடத்திப் பார்த்த சரித்திரம் ஒன்றுண்டு. தோட்டத்துத் தோழர்களும் பட்டணத்துப் பெற்றோர்களும் அதனை அறிதல் நலமெனக் கருதுகிறோம்.

இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகள் பலர் எழுத்தறியாமலே பள்ளியை விட்டு நீங்குகின்றனர் என்று 1861-இல் ஒரு விசாரணைக் குழு கூறிற்று. குறை மெய்யே. அதற்குக் கல்வி இலாகாவை நடத்திய ராபர்ட் லோ கண்ட பரிகாரம்தான் விபரீதமாயிற்று. 1862-ஆம் ஆண்டு விதிப்படி, பள்ளிக்குச் சராசரி வருகையில் தலைக்கு 4 ஷில்லிங் மானியம். ஆறு வயதுக்கு மேற்பட்டு, போதிய நாள் வந்த பிள்ளைக்கு மேலும் 8 ஷில்லிங். ஆனால் இன்ஸ்பெக்டர் நடத்தும் பரீட்சையில் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றுள் எதில் தவறினாலும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு. மூன்றிலும் தவறினால் எட்டும் போயிற்று. பால்மரத் தொழிலாளிக்குப் பாலின் எடைக்குக் கூலி தருவதுபோல, பள்ளிக்குப் பிள்ளையின் விடைக்குக் கூலி!

பொக்கிஷத்துக்கு இலாபந்தான். 1861-இல் 8 இலட்சம் பவுனைத் தாண்டிய மானியம், 1865-இல் ஏறக்குறைய 6 இலட்சத்து 37 ஆயிரமாகச் சுருங்கிற்று. பள்ளிக்கு நேர்ந்ததென்ன? பணம் வராத சரித்திரமும் பூகோளமும் பல பள்ளிகளில் மூலைக்குப் போயின. பிள்ளைகள் வாசகப் புத்தகத்தைப் பொருளறியாமல் நெட்டுருப் போட்டனர். நோயுற்ற குழந்தைகளும் பரீட்சை நாளில் பள்ளிக்கு இழுத்து வரப்பட்டனர். உபாத்தியாயரின் பிழைப்பு அந்த ஒரு நாளில் தொங்கிற்று. பிள்ளை அவர் கண்ணுக்குச் சில ஷில்லிங்குகளாகத் தெரியலாயிற்று. வழிகாட்ட வேண்டிய இன்ஸ்பெக்டரோ வரி தண்டுவோரைப் போலானார்.

இன்ஸ்பெக்டராயிருந்த கவிஞர் மாத்யூ ஆர்னால்டு தொடக்கத்திலேயே இதைக் கண்டித்தார். 1870-இல் தோன்றிய உபாத்தியாயர் சங்கம் விடாது போராடிற்று. 1890-இல் தளர்ந்த இம்முறை, அந்நூற்றாண்டு முடியுமுன் மறைந்தது. நெடுநாள் இன்ஸ்பெக்டராயிருந்து ஓய்வு பெற்ற எட்மண்ட் ஹோம்ஸ், 1911-இல் வெளியிட்ட நூலில், அது உபாத்தியாயரையும் மாணவரையும் ஒருங்கே இயந்திரமாக்கியதென்று சாடினார். நம் முன்னோர் புறப்பட்டு வந்த சென்னை மாகாணமும் இம்முறைக்குத் தப்பவில்லை. பரீட்சைப் பலனுக்கேற்ற மானியம் 1860-களில் அங்கும் புகுந்தது.

ஆர்னால்டு கண்ணால் கண்டதைப் பிற்கால மனோதத்துவம் சோதித்துக் காட்டிற்று. 1973-இல் அமெரிக்க அறிஞர் மூவர், படம் வரைவதில் விருப்பமுள்ள சிறுவர்களைச் சோதித்தனர். பரிசு தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையச் செய்த பிள்ளைகள், சில நாள் கழித்துத் தாமாக வரைந்த நேரம், பரிசுப் பேச்சையே அறியாத பிள்ளைகள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதியே! விளையாட்டாயிருந்தது கூலிவேலை ஆகிவிட்டது. மனிதனுக்கு மூன்று மனத்தேவைகள் உண்டென்பர் டேசி, ரயன் என்னும் அறிஞர்கள்: தன் செயலைத் தானே தெரிந்து செய்தல், தன்னால் முடியும் என்னும் தெளிவு, பிறரோடு பற்று. இம்மூன்றையும் சேர்த்து நாம் சுயமரியாதை என்போம்.

சம்பளம் வேண்டாமென்று நாம் கூறவில்லை. வயிறு காய்ந்த உபாத்தியாயரிடம் உற்சாகத்தை எதிர்பார்ப்பது அநீதி. பரீட்சையும் கூடாதென்பதில்லை, பிள்ளை எங்கே இடறுகிறான் என்று காட்டும் விளக்காக அது இருக்கட்டும். விளக்கைத் தராசாக்குவதே பிழை. மலேசியாவில் ஆறாம் வகுப்பு யு.பி.எஸ்.ஆர். பரீட்சை 2021-இல் நீக்கப்பட்டது. ஆனால் நம் மனத்திலுள்ள தராசை எந்தச் சர்க்கார் வந்து நீக்கும்?

பெற்றோர்களே, பள்ளி வாரியத்தாரே! எத்தனை பிள்ளைகள் சிறப்புத் தேர்ச்சி என்று கேட்குமுன், எத்தனை பிள்ளைகள் பயமின்றிக் கேள்வி கேட்கின்றனர் என்று கேளுங்கள். பாடத்திட்டம்பற்றி உபாத்தியாயரின் யோசனையைக் கேளுங்கள். பிந்திய பிள்ளையைச் சபை நடுவே நாணச் செய்யாதீர்கள். பிறர் எடை போட்டே பழகிய சமூகத்தின் பிள்ளைகள், தம் மதிப்பைத் தாமே உணரும் முதலிடம் பள்ளிக்கூடமாக இருத்தல் வேண்டும்.