யானையும் காவற்பரணும்

வன்னிப் பெருநிலத்தினின்றும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குச் செல்லும் ஒடுங்கிய வழிக்கு ஆனையிறவு என்று பெயர். வன்னிக் காடுகளிற் பிடிபட்ட யானைகள் அவ்வழியாகவே நடத்திச் செல்லப்பட்டன. ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் வன்னியர்கள் திறையாகச் செலுத்தியதும் யானையே. யாழ்ப்பாணத்திலே விலைகூறப்பட்டு, ஊர்காவற்றுறையிலே மரக்கலம் ஏறி இந்தியாவுக்குச் சென்றதும் யானையே. அது அரசுக்குரிய பொருள். ஆதலின் யானையைக் கொல்வது அரசின் வருவாயைக் கொல்வதாக எண்ணப்பட்டது. அந்நாளில் யானையைக் காத்தது இரக்கமன்று, வாணிகமே.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்நிலை மாறியது. மலைநாட்டுக் காடுகளை அழித்துக் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. கோப்பிக்கு நோய் வந்து வீழ்ந்தபின் அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. குளிர்ந்த மேட்டுநிலங்களில் உலாவிய யானைக் கூட்டங்கள் ஒதுங்க இடமின்றி அருகின. துவக்கு ஏந்திய துரைமாருக்கோ யானை வேட்டை ஒரு பொழுதுபோக்கு. பதுளையில் அரசாங்க உத்தியோகம் வகித்த மேஜர் றொஜேர்ஸ் என்பவர் தனியொருவராகவே ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டார் என்பர். 1845ஆம் ஆண்டில் அப்புத்தளையில் அவர் இடி விழுந்து இறந்தார். அதனைத் தெய்வ தண்டனை என்று ஊரார் பேசிக்கொண்டதில் வியப்பில்லை.

ஆனால் றொஜேர்சின் துவக்கிலும் பெரிய அழிவைச் செய்தது அரசாங்கத்தின் பணப்பை. கொல்லப்பட்ட யானை ஒன்றுக்குச் சில சிலிங்கு பரிசு என்று அறிவிக்கப்பட்டது. இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த சேர் ஜேம்ஸ் எமேர்சன் தெனன்ற் 1859இல் வெளியிட்ட நூலில் அதன் கணக்கைத் தருகின்றார். 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500 யானைகளுக்குப் பரிசு கோரப்பட்டது. 1851க்கும் 1856க்கும் இடையில் தென் மாகாணத்தில் 2,000 யானைகளுக்குக் கொடுக்கப்பட்டது. அந்நாளைய வட மாகாணம் இன்றையதிலும் மிகப் பெரியது என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். அநுராதபுரத்தை உள்ளடக்கிய வட மத்திய மாகாணம் 1873இலேதான் தனியாகப் பிரிக்கப்பட்டது.

இப்பரிசை வெறுங் கொடுமையென்று தள்ளிவிடுவது எளிது. எனினும், சேனைப் பயிரின் நடுவே பரண் கட்டி, தீ மூட்டி, இரவெல்லாம் கூவிக்கொண்டு விழித்திருந்த குடியானவனுக்கு, ஒரே இராத்திரியில் ஓராண்டு உணவு போவது எத்தகைய இழப்பு என்பதை அவனே அறிவான். அவன் குறை மெய்யானது. அதற்கு அரசாங்கம் கண்ட மருந்துதான் தவறானது.

பாதுகாப்பு முயற்சி வேட்டைக்காரரிடமிருந்தே பிறந்தது என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. 1894இல் தோன்றிய வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தில் முன்னின்றவர் பலர் துவக்குப் பிடித்தவர்களே. சுடுவதற்கு விலங்கு இல்லாமற் போய்விடுமோ என்ற கவலை அவர்களுக்கு இருந்தது. 1900ஆம் ஆண்டில் யாலப் பகுதி காப்பிடமாக ஒதுக்கப்பட்டபொழுது, அதனை அடுத்தே துரைமார் வேட்டையாடுவதற்கென வேறொரு நிலமும் ஒதுக்கப்பட்டது.

யாலவின் முதற் காவலர் எங்கல்பிறெக்ற் என்னும் போவர் இனத்தவர். தென்னாபிரிக்கப் போரிலே ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டு, ஆயிரக்கணக்கான தம் நாட்டவரோடு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டவர். போர் 1902இல் முடிந்தபின், ஆங்கில மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்தோர் ஊர் திரும்பினர். இவர் செய்ய மறுத்து இங்கேயே தங்கிவிட்டார். பணியாத அம்மனிதரிடமே பின்னர் யாலக் காட்டை அரசாங்கம் ஒப்படைத்தது. 1914இல் எம்டன் என்னும் செர்மானியப் போர்க்கப்பல் இந்து சமுத்திரத்திலே திரிந்து சென்னை நகரைக் குண்டுவீசித் தாக்கியது. தந்திரசாலியை 'எம்டன்' என்று தமிழர் அழைப்பது அன்று தொடங்கிய வழக்கம். அக்கப்பலுக்கு எங்கல்பிறெக்ற் இறைச்சி கொடுத்துதவினார் என்று பழி எழுந்தது. ஆதாரமின்றியே சிறைவாசமும் அனுபவித்தார். 1922இல் அவர் காலமானார். இந்நாட்டு விலங்குகளுக்கு முதன்முதல் காவலிருந்தவர் நாடற்ற ஒருவர்.

1937ஆம் ஆண்டின் விலங்கினத் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 1938இல் யாலவும் வில்பத்தும் தேசிய வனங்களாயின. 1949இல் இதற்கெனத் தனித் திணைக்களம் அமைந்தது. ஆயின் அதே ஆண்டுகளிலே கல்லோயாத் திட்டமும், பின்னர் வளவைத் திட்டமும், மகாவலித் திட்டமும் உலர்வலயக் காடுகளை வயல்களாக்கின. காணியற்ற எத்தனையோ குடும்பங்கள் அவற்றால் வாழ்வு பெற்றன; அதனைக் குறை கூறுவதற்கில்லை. நீர்த்தேக்கங்களை அண்டிப் புதிய தேசிய வனங்களும் வகுக்கப்பட்டன. மனிதன் வெளியே, யானை உள்ளே, நடுவிலே மின்வேலி என்பதே திட்டமிட்டோரின் கணக்கு.

யானை அக்கணக்கை ஏற்கவில்லை. 2006இல் அம்பாந்தோட்டைப் பகுதியில் யானைகளை வெடி கொளுத்தித் துரத்தி லுணுகம்வெகர வனத்துள் அடைத்தபொழுது, இரை போதாமல் அவற்றுட் பல மெலிந்து மடிந்தன. 2011ஆம் ஆண்டுக் கணிப்பிலே நாட்டில் 5,879 யானைகள் எண்ணப்பட்டன. அவை நடமாடும் நிலத்திலே ஏறத்தாழப் பத்தில் ஏழு பங்கு, மக்களும் குடியிருக்கும் நிலமென்று பின்னைய ஆய்வு காட்டியது. 2023ஆம் ஆண்டில் மாத்திரம் நானூறுக்கு மேற்பட்ட யானைகளும் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மனிதரும் உயிரிழந்தனர். உணவிலே மறைத்துவைத்த வெடியைக் கடித்து வாய் சிதைந்து, நாட்கணக்கிற் பட்டினி கிடந்து சாகும் யானைக்கன்றுகளின் துன்பம் சொல்லுந்தரமன்று.

2020இல் நிபுணர் குழுவொன்று வகுத்த தேசிய செயற்றிட்டம் பழைய கணக்கைத் தலைகீழாக்கியது. காட்டைச் சுற்றியன்று, ஊரைச் சுற்றியும் வயலைச் சுற்றியுமே வேலி அமைய வேண்டும் என்பது அதன் கருத்து. கல்கமுவப் பகுதிக் கிராமங்களிலே இம்முறை ஏற்கனவே கையாளப்பட்டிருந்தது. விதைப்புக் காலத்திலே விவசாயிகள் தாமே கூடி வயலைச் சுற்றி மின்வேலி கட்டுவர், பராமரிப்பதும் அவர்களே. அறுவடை முடிந்ததும் கம்பியையும் தூணையும் கழற்றி எடுத்துவைத்து விடுவர். அதன்பின் வயல் வெளியாகக் கிடக்கும். யானைகள் வந்து, எஞ்சிய வைக்கோலையும் தாளையும் மேய்ந்து செல்லும்.