முகவரியோடு பிறந்த வைரஸ்

பிரெயின் என்ற கணினி வைரஸ் பிறந்தது 1986இல், லாகூரின் அல்லாமா இக்பால் டவுனில். எழுதியவர்கள் அம்ஜத் ஃபாரூக் அல்வி, பாசித் ஃபாரூக் அல்வி என்ற அண்ணன் தம்பி. பிரெயின் கம்ப்யூட்டர் சர்வீசஸ் என்று கடை வைத்து சாப்ட்வேர் எழுதி விற்றுக்கொண்டிருந்தவர்கள். ஐபிஎம் பிசியில் பரவிய முதல் வைரஸ் என்று வரலாற்றில் இடம்பிடித்திருப்பது இவர்கள் எழுதியதுதான். வைரஸ் எழுதுகிறவர்கள் பொதுவாக ஊர் பேர் தெரியாமல் ஒளிந்துகொள்வார்கள். இவர்களோ அதற்குள்ளேயே தங்கள் பெயர், கடை முகவரி, போன் நம்பர் எல்லாவற்றையும் எழுதிவைத்தார்கள். பாதாளச் சிறைக்கு வரவேற்றுத் தொடங்கும் அந்த வாசகம், தடுப்பூசி வேண்டுமானால் எங்களைத் தொடர்புகொள்ளுங்கள் என்று முடியும்.

தங்கள் மருத்துவ சாப்ட்வேரைப் பலரும் திருட்டுத்தனமாகக் காப்பி எடுத்ததால், யார் கையில் போகிறது என்று பார்க்கவே எழுதினோம் என்பது சகோதரர்கள் தரப்பு. 1988இல் டைம் இதழ் வேறொரு பக்கத்தையும் காட்டியது. அமெரிக்க சாப்ட்வேர்களை மலிவாகக் காப்பி போட்டு விற்றதும் அதே கடைதான். உள்ளூர்க்காரருக்குச் சுத்தமான பிளாப்பி, வெளிநாட்டுக்காரருக்கு வைரஸ் சேர்ந்த பிளாப்பி போனது என்று எழுதியது. எப்படியோ, லாகூர் கடை கவுண்டரில் கைமாறிய பிளாப்பிகள் பயணிகளின் பையில் ஏறிக் கடல் கடந்தன.

அன்று பிரெயினுக்கு வேறு வாகனம் இல்லை. இணையம் வீட்டுக்கு வராத காலம். 360 கேபி கொள்ளும் ஐந்தேகால் அங்குல பிளாப்பியைத்தான் நண்பர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்வார்கள். ஒவ்வொரு பிளாப்பியின் தொடக்கத்திலும் பூட் செக்டர் என்று 512 பைட் இடம் உண்டு. கணினியை ஆன் செய்ததும் முதலில் படிக்கப்படுவது அதுதான். பிரெயின் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. வெறும் கோப்புகள் மட்டும் உள்ள பிளாப்பியைத் தெரியாமல் டிரைவில் விட்டுவிட்டு ஆன் செய்தாலும் போதும். இதில் டாஸ் (கணினியை இயக்கும் அன்றைய சாப்ட்வேர்) இல்லை, வேறு பிளாப்பி போடு என்று திரை சொல்வதற்குள் வைரஸ் நினைவகத்தில் ஏறிவிட்டிருக்கும். அதன் பிறகு அந்தக் கணினியில் போடுகிற பிளாப்பிகளில் எல்லாம் தன் நகலை எழுதப் பார்க்கும்.

512 பைட்டில் முழு வைரஸும் அடங்காது. ஆகவே பழைய பூட் செக்டரையும் தன் மிச்ச உடம்பையும் பிளாப்பியில் வேறோர் இடத்தில் வைத்து, அந்த இடம் கெட்டுப்போனது என்று குறித்துவிடும். கெட்ட இடத்தை டாஸ் சீண்டாது. இதைவிடப் பெரிய சாமர்த்தியம் ஒன்று உண்டு. சந்தேகப்பட்டு யாராவது பூட் செக்டரைத் திறந்து பார்த்தால், நினைவகத்தில் காத்திருக்கும் பிரெயின் குறுக்கே புகுந்து, எடுத்துவைத்த பழைய செக்டரைக் காட்டும். பார்க்கிறவருக்கு எல்லாம் ஒழுங்காகத் தெரியும். சோதிக்கும் கருவி நம்பியிருக்கும் கணினியே பொய் சொன்னால், வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

ஆனாலும் அது தடயங்களை விட்டது. கோப்புகளைப் பட்டியலிட டிஐஆர் என்று தட்டினால் முதல் வரியில் பிளாப்பியின் பெயர் வரும். பயனர் வைக்காத பெயராக, காப்பிரைட் குறியோடு பிரெயின் என்று இருக்கும். அதனால்தான் சி-பிரெயின் என்றும் அதற்குப் பெயர். பிளாப்பியைச் சோதிக்கும் சிஎச்கேடிஎஸ்கே கட்டளை கொடுத்தால் கெட்ட இடம் 3072 பைட் என்று காட்டும். உண்மையிலேயே பழுதான 360 கேபி பிளாப்பியில் இந்தக் கணக்கு வராது. பார்மட் செய்யும்போது டாஸ் டிராக் எனப்படும் ஒரு முழு வட்டத்தையே ஒதுக்குவதால், குறைந்தது 5120 பைட் போகும். நினைவகத்திலும் 640 கேபி இருக்கவேண்டிய கணினியில் 7 கேபி குறைந்திருக்கும். டிரைவ் வழக்கத்தைவிட அதிகமாகக் கரகரக்கும். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிதில்லை. எல்லாம் சேர்ந்து வந்தால் சந்தேகமே வேண்டாம்.

அமெரிக்காவில் அது அகப்பட்டது 1987 அக்டோபரில், டெலவேர் பல்கலைக்கழகத்தில். மாணவர்கள் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் கணினிக்கூடம், பிளாப்பி வைரஸுக்கு அதைவிடத் தோதான இடம் ஏது? அடுத்த ஆண்டு ராட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரில் ஒரு பத்திரிகை நிருபரின் பிளாப்பி படிக்க முடியாமல் போனது. பல மாதக் குறிப்புகள் அதில் இருந்தன. அதை ஆராய்ந்த பொறியாளரின் கண்ணில் பட்டது லாகூர் முகவரி. 1988 செப்டம்பரில் டைம் இதழ் கணினி வைரஸ்களை அட்டைப்படக் கட்டுரையாக்கியது.

வைத்தியம் எளிதுதான், வரிசை தப்பக் கூடாது. முதலில் கணினியை முழுக்க அணைக்க வேண்டும். நினைவகத்தில் உள்ள வைரஸ் மின்சாரம் போனதும் செத்துவிடும். பிறகு நோய் படாத டாஸ் பிளாப்பியைப் போட்டு ஆன் செய்ய வேண்டும். அந்த பிளாப்பியின் பக்கவாட்டில் இருக்கும் வெட்டை ஒட்டுத்தாளால் மூடியிருக்க வேண்டும். மூடினால் டிரைவ் அதில் எதையும் எழுதாது, வைரஸும் ஏற முடியாது. இப்போது பூட் செக்டரைத் திறந்தால் பொய் சொல்ல ஆளில்லை. அந்த வரவேற்பு வாசகம் கண்முன் நிற்கும். கோப்புகளை காப்பி கட்டளையால் புது பிளாப்பிக்கு மாற்றினால் போதும். வேலை சுருக்கமாக முடியட்டும் என்று டிஸ்க்காப்பி போட்டவர்கள் ஏமாந்தார்கள். அது பூட் செக்டரையும் சேர்த்து அப்படியே பிரதி எடுக்கும், வைரஸோடு.

பிரெயினைக் கொன்றது எந்த மருந்தும் அல்ல. அதற்கு ஹார்ட் டிஸ்க்கில் ஏறத் தெரியாது, ஐந்தேகால் அங்குல பிளாப்பி மட்டுமே தெரியும். மூன்றரை அங்குல பிளாப்பியும் ஹார்ட் டிஸ்க்கும் பரவப் பரவ அதற்கு வாகனம் இல்லாமல் போனது. 2011இல் பின்லாந்தின் எஃப்-செக்யூர் நிறுவனத்து ஆய்வாளர் மிக்கோ ஹைப்போனன், பிரெயின் இருந்த பிளாப்பியை எடுத்துக்கொண்டு அந்த முகவரியைத் தேடி லாகூர் போனார். 25 ஆண்டு கழித்தும் சகோதரர்கள் அதே இடத்தில் இருந்தார்கள். கதவைத் திறந்தார்கள், பேசினார்கள். அதற்குள் அவர்கள் கடை இணைய இணைப்பு கொடுக்கும் நிறுவனமாக வளர்ந்திருந்தது.

பிரெயின் போய்விட்டது; அது கற்றுக்கொடுத்த ஒளிதல் போகவில்லை. பின்னால் வந்தவை அதே வித்தையை ஹார்ட் டிஸ்க்கிலும் விண்டோஸிலும் செய்தன. கணினி திடீரென்று மந்தமானால், போடாத புரோகிராம் தலைகாட்டினால், ஆன்டிவைரஸ் தானே அணைந்துகொண்டால், அதே கணினியில் நடத்தும் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். இணைய இணைப்பைத் துண்டியுங்கள். விண்டோஸுக்கு வெளியே நின்று தேடும் ஆஃப்லைன் ஸ்கேன் விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸிலேயே இருக்கிறது, அதை ஓடவிடுங்கள். வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் பாஸ்வேர்டுகளை வேறொரு சுத்தமான கருவியிலிருந்து மாற்றுங்கள். சந்தேகம் தீராவிட்டால் கோப்புகளை மட்டும் காப்பாற்றிக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். அன்று ஒட்டுத்தாள் ஒட்டிய டாஸ் பிளாப்பி செய்த வேலையைத்தான் இன்று அந்த ஆஃப்லைன் ஸ்கேன் செய்கிறது.